பாரம் ஏறுது, ஜெலி ஏறுதா? வன்னிக் கரையில் பாசி வளர்ப்பின் கணக்கு

வன்னியின் மேற்குக் கரையில், வலைப்பாட்டிலோ கிராஞ்சியிலோ கடற்பாசிக் கயிற்றைத் தூக்குகிறவர் முதலில் கையால் பாரம் பார்ப்பார். 150 கிராமாகக் கட்டிய துண்டு 45 நாளில் 600 கிராமைத் தாண்டியிருந்தால் மனம் நிறைந்துவிடும். அதே பாசி காய்ந்து, சாக்கில் ஏறி ஆலைக்குப் போனபிறகு அங்கே யாரும் அந்தப் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஈரம் எவ்வளவு, மண்ணும் உப்பும் எவ்வளவு, காய்ச்சி எடுத்தால் ஜெலிச் சரக்கான கராஜீனன் எவ்வளவு வரும், வந்த கராஜீனன் எவ்வளவு இறுக்கமாக உறையும் என்பவைதான் அங்குள்ள கேள்விகள். பாரத்தைக் கூட்டுகிற சில நிலைமைகள் இந்த உள்சரக்கைக் குறைக்கும். சில வேளை பாசி மெதுவாக வளர்வதே உள்ளே சரக்கு சேர்வதற்கு அடையாளமாக இருக்கும். இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று விளங்கினால், எப்போது கட்டுவது, எப்போது அறுப்பது என்ற முடிவுகள் மாறிவிடும்.

இங்கே கட்டப்படுவது கப்பாபைக்கஸ் அல்வரேசி. எங்கள் கடலில் தானாக முளைத்த இனம் அல்ல. பிலிப்பைன்ஸில் 1970களில் பெருந்தொழிலாக வளர்ந்து, 1984இல் ஜப்பான் வழியாக இந்தியாவுக்கு வந்து, பின்னர் தமிழ்நாட்டின் மண்டபம் பக்கம் பெருகி, 2010களில் பாக்கு நீரிணையின் இந்தக் கரையிலும் கட்டப்பட்டது. இதை விதை போட்டு வளர்ப்பதில்லை. நுனியை வெட்டிக் கட்டினால் அது வளரும், வளர்ந்ததை வெட்டித் திரும்பக் கட்டுவோம். ஆகவே உங்கள் கயிற்றில் இருப்பதும் பக்கத்துக்காரர் கயிற்றில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள். அவருடையது கொழுத்து உங்களுடையது மெலிந்திருந்தால் இனத்தைக் குறை சொல்ல இடமில்லை. தண்ணீர், வெளிச்சம், ஓட்டம், கட்டிய கை ஆகியவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் வேகத்தின் கணக்கு. பாசி வட்டிக்கு வட்டி போல வளரும். நாளுக்கு 2 வீதம் வளர்ந்தால் 150 கிராம் துண்டு 45 நாளில் ஏறக்குறைய 370 கிராம். 3 வீதம் என்றால் 570. 4 வீதம் என்றால் 875 வரும். 3 மீற்றருக்கு 3 மீற்றர் மூங்கில் தெப்பம் ஒன்றில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, ஆக 400 துண்டு, 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் 2 வீதத்தில் 146 கிலோவும் 4 வீதத்தில் 350 கிலோவும் கிடைக்கும். அடுத்த தடவைக்கு 60 கிலோவைக் கழித்தால் காயவைக்க மிஞ்சுவது ஒன்றில் 86 கிலோ, மற்றதில் 290. வேகம் பாதியானால் வருமானமும் பாதியாகும் என்று நினைப்பது பிழை. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

உங்கள் வேகத்தை அறியப் பெரிய கருவி தேவையில்லை. பத்துத் துண்டுகளுக்கு நிறத்துணி கட்டி அடையாளம் வையுங்கள். கட்டும் அன்றும் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் தண்ணீரை உதறிவிட்டு நிறுங்கள். பதினைந்து நாளில் 150 கிராம் 235ஐ எட்டினால் நாளுக்கு 3 வீதம். 200ஐயே எட்டவில்லை என்றால் 2 வீதமும் இல்லை. இன்னும் முப்பது நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் இடத்தையோ ஆழத்தையோ மாற்ற வேண்டும்.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பதில் ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாசிக்கு வேர் கிடையாது. உணவை உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்து உறிஞ்சும். தண்ணீர் அசையாவிட்டால் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் நின்றுவிடும். அதிலுள்ள உணவு தீர்ந்ததும், சுற்றிக் கடலே இருந்தாலும் பாசி பட்டினிதான். வினாடிக்கு 20 முதல் 40 சென்ரிமீற்றர் ஓட்டம் நல்லது. பாதித் தண்ணீர் நிரப்பி மூடிய பிளாஸ்ரிக் போத்தலை, காற்று குறைந்த நேரத்தில் மிதக்க விட்டு, 10 மீற்றர் போக எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 25இலிருந்து 50 வினாடிக்குள் போனால் இடம் சரி. இரண்டு நிமிடம் எடுத்தால் அங்கே பாசியைவிட அதன்மேல் ஒட்டும் சேறும் நூற்பாசியும்தான் நன்றாக வளரும். பத்து வினாடியில் ஓடினால் கட்டு அறுந்து பாசி போய்விடும். ஒரு நேரத்து ஓட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. பெருக்கிலும் வற்றிலும், காலையிலும் காற்று ஏறிய பின்னேரத்திலும் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தின் கதை கொஞ்சம் தந்திரமானது. ஆழத்தில் இருட்டு, மேலே எரிப்பு. தெளிந்த பரவைக்கடலில் மேற்பரப்பிலிருந்து ஒரு அடிக்குள் தொங்கும் பாசி மஞ்சள் பாய்ந்து வெளிறும். அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மிஞ்சிய வெளிச்சத்துக்கு நிறத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதே கயிற்றை இரண்டு அடிக்கு இறக்கினால் நிறம் திரும்பும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்றில் அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கும்போது நிலைமை தலைகீழ். இரண்டு அடியிலும் வெளிச்சம் போதாது, போதாக்குறைக்குக் கிளைகளின் மேல் சேறு படியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கயிற்றைப் பிடித்து உலுக்கிவிட்டு வருவது வீண் வேலை போலத் தெரியும். அதைச் செய்த கயிறையும் செய்யாத கயிறையும் ஒரு மாதத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 25இலிருந்து 30 பாகை செல்சியஸ்வரை பாசிக்கு வசதி. 32ஐத் தாண்டினால் வளர்ச்சி தேங்கும், நுனி வெளுக்கும். சித்திரை, வைகாசியில் ஆழமற்ற இடங்களில் மதிய வற்றோடு அந்த அளவு சுலபமாக வந்துவிடும். எதிர்க்கரையில் 2013இல் நடந்த பாசி அழிவு சூட்டோடு சேர்ந்து வந்ததுதான். அங்கே தொழில் பழைய அளவுக்குத் திரும்ப நெடுங்காலம் எடுத்தது. வற்றின்போது இடுப்பளவு தண்ணீராவது மிஞ்சும் இடமாகப் பார்க்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் முளை அடித்துக் கட்டுவது கட்டுகிறவருக்கு வசதி, பாசிக்கு அடுப்பு.

இனி மழைத்தண்ணீர். வன்னியில் பாசி வளர்ப்பின் தலைவிதியை எழுதுவது இதுதான்.

இங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. ஐப்பசி முதல் மார்கழிவரை கொட்டித் தீர்க்கும். குளங்கள் நிரம்பி வான் பாயும். பாலி ஆறும் பறங்கி ஆறும் மேற்குக் கரைக்கு இறங்கும். கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டிச் சுண்டிக்குளம் பக்கம் போகும். கப்பாபைக்கஸ் விரும்பும் உப்பு ஆயிரத்துக்கு 30 முதல் 35. 25க்குக் கீழே சோர்ந்துபோகும். 20க்குக் கீழே சில நாள் நின்றால் கிளை மென்மையாகி, வெளுத்து, விரல் பட்டாலே கழன்று வரும். பாசியின் உள்ளே இருக்கும் பொற்றாசியம் முதலான உப்புகள் வெளியேறி, வெளித்தண்ணீர் உள்ளே ஏறுவதால் வரும் சேதம் அது. அந்த நேரத்தில் நிறுத்தால் பாரம் பெரிதாகக் குறைந்திருக்காது. காய்ந்தபிறகுதான் கைவிரிக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத்தண்ணீரின் மேல் படையாக மிதக்கும். காற்று இல்லாத நாட்களில் மேலே ஒரு முழத்துக்கு ஆற்றுத்தண்ணீரும் அதற்குக் கீழே கடலும் இருக்கும். மேலே மிதக்கும் தெப்பத்துப் பாசி சரியாக அந்தப் படைக்குள் மாட்டிக்கொள்ளும். நெடுங்கயிறாகக் கட்டியவர்கள் மிதவைகளைக் குறைத்து, இடையிடையே மணல் நிரப்பிய போத்தலைக் கட்டிக் கயிற்றை ஒரு மீற்றர் இறக்கிவிட்டால் பிழைக்கும். தெப்பத்தை அப்படி இறக்க முடியாது, வள்ளத்தில் கட்டி ஆழத்துக்கு இழுக்கத்தான் வேண்டும். அதற்கு நங்கூரக் கயிறு ஆழத்துக்கு ஏற்ற நீளம் இருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு அந்தக் கயிறைத் தேடி ஓடுவது எல்லாக் கரைகளிலும் நடப்பதுதான். கண்ணால் பார்த்து உப்பை மதிக்க முடியாது, உப்புமானி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். தண்ணீரை மேலே இருந்து மட்டும் மொள்ளாமல், பாசி தொங்கும் ஆழத்திலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த மழைத்தண்ணீர் இன்னொன்றையும் கொண்டுவருகிறது. காலபோகத்து வயல்களில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு வாய்க்கால் வழியாகக் கடலுக்கு வரும். உப்பு திரும்பவும் ஏறியபிறகு, தையிலும் மாசியிலும், அந்த நைதரசனைத் தின்று பாசி கருஞ்சிவப்பாக, பளபளப்பாக, வேகமாக வளரும். கண்ணுக்கு அதைவிட அழகான பாசி கிடையாது. அதன் நிறப்பொருளே நைதரசனைச் சேமிக்கும் களஞ்சியம். கடும் நிறம் என்றால் வயிறு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

உள்சரக்கு இங்கேதான் பாரத்தை விட்டு விலகுகிறது. நைதரசன் தாராளமாக இருந்தால், வெளிச்சத்தில் செய்த சர்க்கரையைப் பாசி புரதத்துக்கும் புதிய கிளைகளுக்கும் செலவழிக்கும். நைதரசன் குறைந்தால் புதிய உடம்பு கட்ட முடியாது. ஆனால் வெளிச்சம் இருக்கிறவரை சர்க்கரை செய்வது நிற்காது. அந்த மிச்சச் சர்க்கரை கலச்சுவரில் கராஜீனனாகச் சேரும். செம்பாசி இனமான கொண்ட்ரஸில் இதை 1970களிலேயே ஆய்ந்து காட்டினார்கள், அதற்கு நீஷ் விளைவு என்று பெயரும் உண்டு. ஆகவே மாசியில் கரிய, வேகமான பாசியில் நூற்றுவீதத்தில் கராஜீனன் குறைவாகவும், பங்குனியில் சற்றே வெளிறிய, நிதானமாக வளர்ந்த பாசியில் கூடவும் இருப்பதை எதிர்பார்க்க வேண்டும். வேகமான பாசி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு தெப்பத்திலிருந்து வரும் மொத்தக் கராஜீனன் என்று பார்த்தால் வேகம்தான் பெரும்பாலும் வெல்லும். வேகமாக வளர்ந்ததை இளசாகவே அறுத்தால்தான் இரண்டு பக்கமும் நட்டம். துண்டுகளை உரக்கரைசலில் நனைத்துக் கட்டினால் நிறம் ஏறும், பாரமும் ஏறலாம். அறுப்புக்கு முன்னால் நிறம் காட்டுவதற்காக மட்டும் அதைச் செய்வது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிற வேலை.

ஏன் இளசு கூடாது? கராஜீனன் என்பது சர்க்கரை மணிகள் கோத்த நீண்ட நார். உறைவதற்கு இரண்டு நார்கள் கயிறு திரிப்பது போல ஒன்றையொன்று சுற்ற வேண்டும். பிறகு பொற்றாசியம் அந்தத் திரிகளை நெருக்கிப் பிடிக்கும். இளம் நாரில் ஆங்காங்கே மேலதிகமான சல்பேற்று ஒட்டியிருக்கும். கயிற்றில் முடிச்சு இருந்தால் திரி சரியாக ஏறாதே, அதுபோல அந்த இடங்களில் சுற்றல் நின்றுவிடும். பாசி முதிரும்போது தன் நொதியால் அந்த முடிச்சுகளை நீக்கும், நார் வளைந்து இறுகும். ஆலையில் காரத்தில் வேகவைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் குட்டை நாரைக் காரம் நீளமாக்காது. முப்பது நாளுக்குள் அறுத்த பாசியில் விளைச்சலும் குறைவு, உறைவும் தளர்வு. 45இலிருந்து 60 நாள்வரை நல்லது. அதற்கு மேலும் விட்டால் செடி பெருத்து, அலையில் சொந்தப் பாரத்திலேயே முறிந்து, அடியில் நிழலில் இருக்கும் கிளைகள் அழுகத் தொடங்கும்.

நோன்பு காலத்தில் வீட்டில் கடற்பாசி காய்ச்சுகிறவர்களுக்கு உறைவின் தரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. (அது அகார், வேறு இனத்துச் சரக்கு. ஆனாலும் கைப்பழக்கம் ஒன்றே.) அந்தக் கைப்பழக்கத்தை வைத்து உங்கள் அறுவடைகளை ஒப்பிடலாம். கழுவி நொறுங்கக் காய்ந்த பாசி 10 கிராம், தண்ணீர் அரை லீற்றர், ஒரு மணி நேரம் சிறு தீயில் கொதி, துணியில் வடி, சூட்டோடு 400 மில்லிலீற்றராகச் சரிசெய். ஒரு கிராம் பொற்றாசியம் குளோரைட்டைக் கரைத்து ஒரே மாதிரியான கோப்பையில் இரவு முழுக்க ஆறவிடு. காலையில் ஒரு நாணயத்தை மேலே வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கு. எத்தனையாவது நாணயத்தில் ஜெலி கிழிகிறது என்று குறித்து வை. ஆய்வுகூடத்து எண் கிடைக்காது. ஆனால் 30 நாள் பாசிக்கும் 50 நாள் பாசிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். உரக்கடைப் பொற்றாசியம் போட்டதைச் சாப்பிடக் கூடாது.

பாசி வெளுக்கும் நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்று பெயர். கிளையின் நடுவில் ஒரு வளையம் வெள்ளையாகி, மெழுகு போலத் தெரிந்து, அங்கேயே ஒடியும். நுண்ணுயிர்கள் பங்கெடுக்கின்றன, ஆனால் கதவைத் திறந்துவிடுவது சூடு, உப்புக்குறைவு, ஓட்டமின்மை, மிஞ்சிய வெளிச்சம் ஆகியவைதான். வெள்ளை வளையம் அரை அங்குலம்தான் என்று அலட்சியம் செய்வார்கள். வளையத்துக்கு வெளியே உள்ள நல்ல கிளை முழுவதும் அதோடு விழுந்து கடலோடு போகும் என்பதை மறந்துவிடுகிறோம். ஐந்து வீதம் வெளுத்த கயிற்றில் நட்டம் ஐந்து வீதத்தில் நிற்காது. கண்டவுடன் வெள்ளைக்கு இரண்டு விரல் உள்ளே நல்ல பகுதியில் வெட்டி, வெட்டியதைக் கரைக்குக் கொண்டுவந்து போட வேண்டும், அதே கடலில் எறியக் கூடாது. கயிற்றை ஆழத்துக்கு இறக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளுத்தால் காத்திருக்காமல் அறுத்துவிடலாம். நோய்ப்பட்ட பாசியில் கராஜீனனும் குறையும், உறைவும் கெடும். அதை நல்ல சாக்கில் கலப்பது நல்லதன் விலையையும் இறக்கும்.

இன்னொன்று, தோலில் கரும்புள்ளியாகத் தொடங்கி, புல்லரித்தது போல மேடுதட்டி, ஒவ்வொரு மேட்டிலும் மயிர் போல முளைக்கும் ஒட்டுப்பாசி. காலம் மாறும்போது, சூடும் உப்பும் திடீரென்று ஏறி இறங்கும்போது வரும். கையால் உரித்தெடுக்க முடியாது, அதன் அடி தோலுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கயிற்றிலிருந்து விதை எடுத்து இன்னொரு கரைக்குக் கொடுப்பது நோயைக் கூலி கொடுத்து அனுப்புவது போன்றது. ஓரா மீனும் ஆமையும் தின்பது தனிச் சிக்கல். நுனிகள் ஒரே சீராக மழுங்கியிருந்தால் அது ஓராவின் வேலை. தெப்பத்துக்கு அடியில் வலை விரித்தால் குறையும், ஆனால் அந்த வலையில் சேறு பிடித்தால் ஓட்டமும் அடைபடும்.

நிலைமை நன்றாக இருந்தும் சரக்கு கெடுவது பெரும்பாலும் கரையில். 200 கிலோ ஈரப்பாசி காய்ந்தால் 20 முதல் 25 கிலோ. நிலத்தில் பரப்பினால் மணல் ஒட்டும். பரண் கட்டி வலை விரித்து, குவியாமல் மெல்லிய படையாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை புரட்ட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். கிணற்றுத் தண்ணீரில் கழுவக் கூடாது, மழையிலும் நனைய விடக் கூடாது. நல்ல தண்ணீர் பட்டால் உப்போடு சரக்கும் கசிந்து, பாசி வெளுத்துப் பிசுபிசுக்கும். பொழுதுபட்டால் பனிக்கு மூடிவைக்க வேண்டும். ஈரம் 35 வீதத்தளவில் இருக்கும்போது, கையில் இறுக்கி விட்டால் ரப்பர் போல விரியும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டாது. மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் பொற்றாசிய உப்பு, உதறிவிட்டுக் கட்ட வேண்டும். 40க்கு மேல் ஈரத்தோடு சாக்கில் அடைத்தால் உள்ளே சூடு பிடித்து நாறும். பாரத்துக்காக ஈரத்தோடு விற்பவருக்கு அந்தத் தடவை லாபம்தான். அடுத்த தடவை கரை முழுவதற்கும் விலை வெட்டப்படும்.

முல்லைத்தீவுப் பக்கம் இதை அப்படியே கொண்டுபோக முடியாது. வெளிக்கடல் வாடையில் கொந்தளிக்கும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் அலை இல்லை, ஆனால் மார்கழியில் உப்பு விழுந்து, ஆவணியில் முகத்துவாரம் அடைபட்ட நிலையில் கடலைவிட மேலே ஏறும். அங்கே பொருந்தக்கூடியது உப்பு ஏற்றத்தாழ்வைக் கூடத் தாங்கும் எங்கள் சொந்தக் கஞ்சிப்பாசி. அதன் சரக்கு அகார், விலையும் சந்தையும் வேறு. நைதரசன் கூடினால் புரதம், குறைந்தால் ஜெலி என்ற கணக்கு மட்டும் அங்கேயும் பொருந்தும். எந்தக் கரையானாலும் கடற்புல்லான சாதாளைத் தரைக்கு மேல் நெருக்கமாகத் தெப்பம் கட்டி நிழல் போடக் கூடாது. நண்டும் இறாலும் குஞ்சு வளர்க்கிற இடம் அது, பக்கத்து வலைக்காரரோடு சண்டை தொடங்குவதும் அங்கேதான். அனுமதியை நீரியல் வளர்ப்பு அதிகாரசபையான நக்டாவிடம் எடுக்கும்போதே எல்லை தெளிவாக இருப்பது நல்லது.

கடைசியாக விதை. மேற்குக் கரையில் தை நடுவிலிருந்து சித்திரை முடியும்வரை நல்ல காலம், ஏறத்தாழ நூறு நாள். அதன்பிறகு சூடு, அதன்பின் சோளகம். தீவு மறைவில் கட்டியவர்கள் சோளகத்திலும் அறுப்பார்கள், திறந்த கரையில் கயிறு தாங்காது. பிறகு மாரி. மாரியில் விதையைக் காப்பாற்ற ஆற்றுவாயிலிருந்து தள்ளி, மூன்று மீற்றர் ஆழமாவது உள்ள இடத்தில், ஒரு மீற்றருக்குக் கீழே தொங்கவிட்ட கயிறுகள் வேண்டும். வருமானமே தராத அந்த மூன்று மாதத்துக்குக் கயிறும் வள்ளமும் எண்ணெயும் செலவழிக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு தெப்பத்துக்கான 60 கிலோ விதை மட்டும் கையில் இருந்து தையில் தொடங்கினால், நாளுக்கு 3.3 வீத வேகத்தில் மாசி முடிவில் 260 கிலோ, நாலு தெப்பம். எல்லாவற்றையும் விதையாகவே திரும்பக் கட்டினால் சித்திரை நடுவில் 1,100 கிலோ, பதினெட்டுத் தெப்பம். அன்றுவரை ஒரு கிலோகூடக் காயவைக்கவில்லை, தண்ணீர் சுடத் தொடங்கிவிட்டது. மாரியைத் தாண்டி 600 கிலோவைக் காப்பாற்றியவர் அதே மாசி முடிவிலேயே இரண்டு தொன் பாசியைப் பரணில் ஏற்றிவிட்டு, பத்துத் தெப்பத்தையும் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பார்.